வீணாகக் கடலில் கலக்கிறதாம்!

"வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது!"

மழை பொழிந்து, மேட்டூர் நிரம்பி, முக்கொம்பைக் கடந்து கொள்ளிடத்தில் வெள்ளம் புரளும் ஆண்டுகளிலெல்லாம் இந்த ஓலத்தைக் கேட்கிறோம். 2018 ஆகஸ்டில் கேட்டோம். அதற்குப் பின்னும் கேட்டோம். அடுத்த வெள்ளத்திலும் கேட்கத்தான் போகிறோம். ஏடுகள் அலறும். மேடைகள் முழங்கும். தேநீர்க் கடையிலே அமர்ந்திருப்பவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "எவ்வளவு தண்ணீர், பாருங்கள்! அத்தனையும் பாழ்!" என்று பெருமூச்செறிவார்.

வீண்! பாழ்! இந்தச் சொற்களைத்தான் இன்று விசாரணைக்கு அழைக்கிறேன்.

யாருக்கு வீண்? எதனால் வீண்? ஆறு கடலைச் சேர்வது வீண் என்று தீர்ப்பெழுதியவர் யார்? எழுதுமுன் எதிர்த்தரப்பை அழைத்தாரா? ஆற்றுக்குள்ளே பிறந்து, ஆற்றுக்குள்ளே வளர்ந்து, ஆற்றோடு அழிந்துகொண்டிருக்கும் உயிர்களின் வாக்குமூலத்தைக் கேட்டாரா?

கேட்கவில்லை! கேட்காமலே தீர்ப்பு! தீர்ப்பை ஒப்பிக்க ஊரெல்லாம் வாய்கள்!

மூடநம்பிக்கை என்றால் சகுனமும் சாத்திரமும் மந்திரமும் மாயமும் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். ஆராயாமல் ஏற்று, கேளாமல் பரப்பி, பழக்கத்தினாலேயே உண்மையென்று நம்பப்படும் எதுவும் மூடநம்பிக்கைதான். அது பஞ்சாங்கத்தைக் கையிலேந்தி வரும். புள்ளிவிவரப் பட்டியலைக் கையிலேந்தியும் வரும். முன்னதை அடையாளம் காண நாம் கற்றுக்கொண்டோம். பின்னதைக் கண்டதும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

கோயிலா, கருவியா?

1954-இல், பக்ரா-நங்கல் திட்டத்தின் கால்வாயைத் திறந்து வைத்துப் பேசிய நேரு, இத்தகைய பெரும் பணிகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் என்று வருணித்தார். உழைப்பின் உயர்வைச் சொல்ல அவர் எடுத்தாண்ட உவமை அது. ஆனால் கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் செய்தது என்ன? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! கோயிலில் கணக்குக் கேட்பது பாவமல்லவா? கருவறைக்குள் எட்டிப் பார்ப்பது குற்றமல்லவா?

அதே நேரு, நான்காண்டுகள் கழித்து, 1958-இல், பாசன, மின்துறைப் பொறியாளர்கள் கூடிய அவையிலே, பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதற்காகவே பெரிதாகக் கட்டும் ஒரு நோய் நம்மைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தார். முதற்பேச்சு பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. இரண்டாம் பேச்சு பரணுக்குப் போயிற்று!

அணை ஒரு கருவி. மனிதன் கட்டியது. மனிதன் திறப்பது. மனிதன் மூடுவது. கருவி என்றால் அதற்குப் பயனும் உண்டு, பழுதும் உண்டு. பயனைப் பாடுவோர் ஆயிரவர் இருக்கின்றனர். பழுதைப் பேசவும் சிலர் வேண்டாமா?

1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடிக்கு நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவோடு நிற்கிறது. தஞ்சைத் தரணியின் குறுவையும் சம்பாவும் அதன் கதவுகளைப் பார்த்துக் காத்திருக்கின்றன. அந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம். மேட்டூரை இடிக்கச் சொல்பவன் பித்தன். ஆனால் அந்த அணையின் கணக்கேட்டைப் புரட்டிப் பாராதவன் ஏமாளி!

பள்ளியிலே வினாத்தாள் கேட்கிறது: "அணைகளின் பயன்களை எழுதுக." பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு, மீன் வளர்ப்பு என்று மாணவன் ஐந்தையும் ஒப்பிக்கிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். "அணையால் ஆறு இழந்தவை யாவை?" என்றொரு வினாவை, நான் ஆசிரியப் பணிக்கு வந்த இந்தச் சில ஆண்டுகளில், ஒரு வினாத்தாளிலும் கண்டதில்லை. ஐந்தாவது பயனாக மீனை எழுதுகிறானே அந்தச் சிறுவன், அவனுக்கு யார் சொல்வது, அணைக்கட்டு எழுந்ததும் முதன்முதலில் வழியிழந்து நின்றது அந்த மீன்தான் என்று?

உல்லம் எங்கே?

உல்லம் என்றொரு மீன். வங்கத்தார் இலிஷ் என்று கொண்டாடுவது அதனைத்தான். கடலிலே வளரும். முட்டையிடும் பருவம் வந்ததும் ஆற்றைத் தேடும். பருவமழையில் பெருகிய புதுவெள்ளம் கழிமுகத்தைத் தொடும்போது, அந்த நன்னீரே அதற்கு அழைப்போலை. எதிர்நீச்சலடித்து ஏறும், முட்டையிடும், குஞ்சுகள் சில திங்கள் ஆற்றிலே வளர்ந்து, நீரோட்டத்தோடு இறங்கிக் கடலைச் சேரும். கடல் ஆற்றுக்கு அனுப்பும் விருந்தாளி. ஆறு கடலுக்கு அனுப்பும் பிள்ளை!

1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுப்பினார். 1873-இல் நாட்டின் நன்னீர் மீன்வளத்தை ஆராய்ந்து அறிக்கை தந்த பிரான்சிஸ் டே, இத்தகைய அணைக்கட்டுகள் கடலிலிருந்து ஏறிவரும் மீன்களின் வழியை மறிக்கின்றன என்று எழுதிவிட்டார். நேற்று எழுதியதன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே எழுதியது! பின்னர் கீழணையிலே மீன் ஏணி அமைத்துப் பார்த்தார்கள். உல்லம் ஏறவில்லை. ஏன் ஏறும்? மீன் ஏணி என்பது குளிர்நாட்டுச் சால்மன் மீனைக் கண்டு பிறந்த எண்ணம். சால்மன் துள்ளும், உல்லம் துள்ளாது. மேல்நாட்டான் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நம்மூர் மீனுக்கு மாட்டிப் பார்த்துவிட்டு, "மீனுக்கு ஏறத் தெரியவில்லை" என்று கைகழுவினார்கள்.

எனினும், தாழ்வான அந்த அணைக்கட்டுகளைப் பெருவெள்ளம் மூழ்கடித்துப் பாயும் நாட்களில், கடக்க ஒரு வாய்ப்பிருந்தது. 1934-க்குப் பின் அதுவும் சுருங்கியது. வெள்ளத்தையே மேட்டூர் விழுங்கிக்கொண்டது. அழைப்போலை வரவில்லை; விருந்தாளியும் வரவில்லை. காவிரியின் உல்ல மீன்பிடி தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து, மூத்தோரின் பேச்சிலே மட்டும் நீந்தும் மீனாயிற்று.

இது காவிரிக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? கங்கையைப் பாருங்கள். பராக்காத் தடுப்பணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் அலகாபாத்துக்கு அப்பாலும் ஏறிச்சென்ற அதே மீன், அதன்பின் அங்கெல்லாம் அரிதாயிற்று. இரண்டு ஆறுகள், இரண்டு காலங்கள், ஒரே கதை! விபத்து இப்படி விதிமுறையாகத் திரும்பத் திரும்ப வருமா?

இன்று ஓர் உல்லம், துணிந்து, கொள்ளிடத்தின் வழியே மேட்டூர் வரை போகப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கரையிலே கீழணை. அதைத் தாண்டினால் முக்கொம்பிலே மேலணை. அதையும் தாண்டினால் மாயனூர்க் கதவணை. பிறகு ஜேடர்பாளையம், ஊராட்சிக்கோட்டை, கோனேரிப்பட்டி, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர். இடையிலே நான் பெயர் சொல்லாதவை இன்னும் உண்டு. இத்தனையும் தாண்டி வந்தால், எதிரே மேட்டூர்ப் பெருஞ்சுவர்! ஆறு என்று நாம் வரைபடத்தில் வரைவது ஒரு நீலக்கோடு. மீனுக்கு அது துண்டு துண்டாக அறுக்கப்பட்ட கயிறு.

புழுவுக்கும் பூச்சிக்குமா வக்காலத்து?

"மீனாவது உணவு, ஒப்புக்கொள்கிறோம். புழுவுக்கும் பூச்சிக்கும் நத்தைக்கும் நண்டுக்குமா வக்காலத்து?" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நகைக்கட்டும். நகைத்து முடித்தபின், மீன் எதைத் தின்று வளர்கிறது என்று சொல்லட்டும்!

ஓடும் ஆற்றின் கூழாங்கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியிலே ஓர் ஊரே குடியிருக்கிறது. மணலையும் சருகையும் ஒட்டவைத்துக் கூடு கட்டி, அதற்குள் வாழும் புழுக்கள். நீருக்குள் பல திங்கள் வளர்ந்து, ஒரு மாலையில் சிறகு முளைத்துப் பறந்து, ஓரிரு நாளில் மடியும் சிற்றீக்கள். தும்பியின் இளம்பருவம். கல்லில் படிந்த பாசியை மேயும் நத்தை. நீரை வடிகட்டித் தூய்மை செய்யும் மட்டி. உதிர்ந்த இலையையும் பாசியையும் இந்தச் சிற்றுயிர்கள் தின்ன, இவற்றை மீன் தின்ன, மீனை மனிதன் தின்கிறான். அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டு மாடியில் குடியிருக்க முடியுமா?

அந்தப் புழு வாழ ஓடும் நீர் வேண்டும்; நீரில் கரைந்த உயிர்வளி வேண்டும்; கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சேறு அடையாத சந்து வேண்டும். அணை கட்டினால் ஓட்டம் நிற்கிறது. வண்டல் கீழே படிகிறது. சந்துகள் அடைபடுகின்றன. கூழாங்கல் ஊர் புதைகிறது. சேற்றிலே வாழத் தெரிந்த செம்புழுக்களும் வேறு சில இனங்களும் பெருகுகின்றன, மற்றவை மறைகின்றன. பல தொழில் செய்வோர் வாழ்ந்த ஊரிலே ஒரே தொழில் எஞ்சியது போன்ற வாழ்வு அது.

மட்டியின் கதையோ இன்னும் உருக்கமானது. ஆற்று மட்டியின் இளம்பருவம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டுதான் வளரும். அந்த மீன் போகும் இடத்துக்குப் போய், அங்கே உதிர்ந்து, அங்கே வேர்விடும். மீன் வரவில்லையென்றால்? மட்டிக்கு மகப்பேறே இல்லை! கிழடுகள் மட்டும் எஞ்சி, ஆண்டாண்டுக் காலம் வாழ்ந்து, வாரிசின்றி மாளும். பார்ப்பவன், "மட்டிதான் இருக்கிறதே!" என்பான். இருப்பது ஊரன்று, முதியோர் இல்லம் என்பதை அவன் அறியான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே கூசா என்றோர் ஆறு. 1914 முதல் 1960-கள் வரை அதன்மீது அணைக்குமேல் அணை கட்டினார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத ஆற்று நத்தைகள் அங்கே வாழ்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அடியோடு அழிந்தன. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. ஓடிய நீர் நின்றது, அவ்வளவே!

நம் ஆற்று இறாலுக்கு வருவோம். காவிரியில் வாழும் ஆற்று இறாலின் குஞ்சு, உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகத்திலேதான் தன் முதற்பருவத்தைக் கழிக்க முடியும். பிறகு, விரல்நீளம்கூட இல்லாத அந்த இளம் இறால்கள் கரையோரமாக மேல்நோக்கி ஊர்ந்தும் நீந்தியும் கூட்டங்கூட்டமாய் ஏறும். கீழணையின் அடியிலே வந்து முட்டும். சுவர்! ஏறமுடியாமல் அங்கேயே குவியும். குவிந்ததை வலை அள்ளிக்கொள்ளும். ஓர் இனத்தின் எதிர்காலமே ஒரு சுவரின் அடியில் கூடையில் வாரப்படுகிறது. வாரும் ஏழையைப் பழிக்காதீர். வாரும்படி குவித்த சுவரை நோக்கி விரலை நீட்டுங்கள்!

"அணையில்தான் மீன் கொழிக்கிறதே!"

இதோ அடுத்த வாதம்: "என்ன ஐயா, மீன் அழிந்தது என்கிறீர், நீர்த்தேக்கத்திலே டன் கணக்கில் மீன் பிடிக்கிறார்களே!"

பிடிக்கிறார்கள். என்ன மீன்? கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு. 1952-இல் இந்நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு இன்று குளமெங்கும் குடியேறிவிட்ட ஜிலேபி. பண்ணையில் பொரித்து, வண்டியில் ஏற்றி, தேக்கத்தில் கொட்டி வளர்ப்பவை பல. தேங்கிய நீரில் அவை வாழும், மறுக்கவில்லை. ஆனால் தோப்பை வெட்டிவிட்டுத் தொட்டியிலே செடி வைத்து, "பச்சை குறையவில்லை பாருங்கள்" என்பது போன்ற வாதமல்லவா இது?

காவிரிக்கே உரிய திமில் மசீர் என்னும் மீன் ஒன்று உண்டு. மனிதன் தூக்கத் திணறும் அளவுக்கு வளரும். பாறைகளுக்கிடையே பாயும் நீரை விரும்பும். 2018-இல்தான் அதற்கு முறையான அறிவியற்பெயர் உறுதியாயிற்று. அதே 2018-இல் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் உலகப் பட்டியலிலும் ஏறியது. பெயர் சூட்டு விழாவும் இறுதிச் சடங்கின் முன்னறிவிப்பும் ஒரே ஆண்டில்! அணைகள் ஒரு காரணம். வெடி வைத்துப் பிடிப்பது ஒரு காரணம். நல்லது செய்வதாக எண்ணி வேற்றாற்று மசீர் இனத்தைப் பொரித்துக் காவிரியில் விட்டதும் ஒரு காரணம். குஞ்சு விட்டால் குறை தீரும் என்போர் இதைப் படிக்கட்டும்.

அணையின் கீழே என்ன நடக்கிறது? ஆழமான தேக்கத்திலே மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும், உயிர்வளி குன்றியும் கிடக்கும். அடி மதகைத் திறந்தால் அந்த நீர்தான் ஆற்றுக்கு வருகிறது. நீரின் வெப்பத்தைக் கொண்டே சிற்றீக்கள் பொரிக்கும் காலத்தை அறிகின்றன. மீன்கள் முட்டையிடும் பருவத்தை அறிகின்றன. கடிகாரத்தின் முட்களை யாரோ திருப்பிவிட்டால் ஊரில் எவன் நேரத்துக்கு எழுவான்?

பருவமும் அவ்வாறே. ஆடிப்பெருக்கு என்று நாம் கொண்டாடுகிறோமே, அது மீனுக்கும் பெருவிழா; அந்தப் பெருக்குத்தான் அதன் மணமுரசு. இன்று ஆற்றுக்கு நாள் குறிப்பவர் நாம். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது மேட்டூரின் வழக்கம். நெல்லுக்கு அது பொருந்தும். மீனுக்கு நாட்காட்டி படிக்கத் தெரியாதே!

கடலும் காத்திருக்கிறது

இப்போது அந்த "வீண்" என்ற சொல்லுக்குத் திரும்புவோம். ஆற்று நீர் கடலுக்குள் வெறுங்கையோடு போவதில்லை. வண்டலையும் சத்தையும் சுமந்து செல்கிறது. கழிமுகத்தில் உப்பைத் தணிக்கிறது. மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் தொட்டில் கட்டுகிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே விரிந்து கிடக்கும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகள், உப்பை மட்டும் குடித்து வாழ்வன அல்ல. நன்னீர் கலக்க வேண்டும். பழையாற்றிலிருந்து கடலுக்குப் போகும் மீனவனைக் கேளுங்கள், ஆற்றில் வெள்ளம் வருவது அவனுக்கு வீணா, விருந்தா என்று!

நம்ப மறுப்போர் எகிப்துக்குப் போகட்டும். நைல் ஆற்றின் குறுக்கே அஸ்வான் பேரணை 1964 முதல் நீரைத் தேக்கியது. அதுவரை ஆண்டுதோறும் வெள்ளம் கடலில் "வீணாக"க் கலந்தது. 1962-இல் அந்நாட்டின் நடுநிலக்கடற்கரையில் பிடிபட்ட மத்தி மீன் ஏறத்தாழ 18,000 டன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது சில நூறு டன்னாக விழுந்தது! பல ஆண்டுகளுக்குப் பின் மீன்பிடி மீண்டது. நகரச் சாக்கடையும் வயலின் உரமும் கடலில் சேர்ந்ததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆறு தந்த தாய்ப்பாலை நிறுத்தினார்கள். சாக்கடை புட்டிப்பால் தந்தது!

நம் வீட்டுக் கணக்கு என்ன? காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பிலே ஆற்றின் நீர் 740 டி.எம்.சி. என்று கொண்டு பங்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10. தவிர்க்க இயலாமல் கடலுக்குப் போய்விடும் என்று கழித்தது 4. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 2018-இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களின் பங்கைத் திருத்தியது. இந்தப் பங்கை உயர்த்தவில்லை. நான்கு தரப்புகளுக்கும் வழக்கறிஞர் இருந்தனர். ஆற்றுக்கு வழக்கறிஞர் இல்லை. தன் வீட்டிலேயே விருந்தினனாகி, பந்தியின் கடைசியில் அமர்ந்து, இலையிலே எஞ்சியதை எதிர்பார்க்கிறது காவிரி! கடலிலே கலக்கும் பூம்புகாரில், பல திங்கள் அது மெலிந்த ஓடை.

"உழவன் வாயிலிருந்து பிடுங்கி மீன் வாயில் ஊற்றவா?" என்று சீறுவார் சிலர். உழவனையும் மீனவனையும் மோதவிடும் இந்தச் சூழ்ச்சி வேண்டாம். கடைமடையில் கருகும் பயிருக்காக அழுபவனுக்கு, காய்ந்த ஆற்றிலே வலையைச் சுருட்டி வைத்தவனின் கண்ணீர் புரியும். இருவரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். மணலை அள்ளி ஆற்றின் எலும்பை எடுத்தவனும், சாயக்கழிவை ஊற்றி ஆற்றின் இரத்தத்தைக் கெடுத்தவனும் இருவருக்கும் பொதுப்பகை. அணை ஒன்றே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அணையின் கதவு அரசின் கையில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்கலாம். எந்த நீரை எந்த நாளில் எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதிலேயே பாதி மருந்து இருக்கிறது.

முடியுமா? முடிந்திருக்கிறது!

தாய்லாந்தின் மூன் ஆற்றிலே, அது மேகாங் பேராற்றோடு கலக்கும் இடத்துக்கு அருகில், பாக் மூன் என்ற அணையை 1994-இல் கட்டி முடித்தார்கள். மீன் ஏணியும் வைத்தார்கள், மீன் ஏறவில்லை. அணைக்கு மேலே மீன்பிடி நூற்றுக்கு அறுபது முதல் எண்பது வரை வீழ்ந்தது என்று பேரணைகள் பற்றிய உலக ஆணையம் 2000-இல் அறிவித்தது. மீனவர் பணியவில்லை, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2001-இல் மதகுகள் திறக்கப்பட்டன. உடனே அந்தக் கிராம மக்கள், பட்டம் பெறாத அந்தப் பாமரர்கள், தாமே ஆய்வாளராகி, வலையில் விழும் மீனையெல்லாம் இனம் பிரித்து, பெயரெழுதி, எண்ணத் தொடங்கினார்கள். 156 இனங்கள் திரும்பியதாகப் பதிந்தார்கள். கோப்பிலே "ஆதாரமில்லை" என்று எழுதியவர்களுக்கு ஆதாரத்தைக் கூடையில் கொண்டுவந்து காட்டினார்கள்! அது முழுவெற்றி ஆகவில்லை. பின்னர் ஆண்டுக்குச் சில திங்கள் மட்டும் திறப்பதென்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் கதவு திறந்தால் உயிர் திரும்பும் என்ற உண்மையை எவராலும் மூட முடியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலே கிளென் கேன்யன் அணை 1963 முதல் நிற்கிறது. மின்சாரத் தேவைக்கேற்ப நாள்தோறும் நீரை ஏற்றி இறக்கினார்கள். சிற்றீக்கள் அந்தியிலே நீரோரத்தில் முட்டையிடும், நீர் இறங்கியதும் முட்டை காயும், தலைமுறையே கருகும். இதைக் கண்டறிந்தவர்கள், 2018 கோடையில் வார இறுதி நாட்களில் மட்டும் நீரைத் தாழ்வாகவும் நிலையாகவும் விட்டுப் பார்த்தார்கள். அணையை இடிக்கவில்லை, மின்சாரத்தை நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பூச்சிக்காக! அத்தனை வலிமை படைத்த நாடு ஓர் ஈயின் முட்டைக்கு இடம் விட்டுக் கதவை இயக்கியது. நாம் உல்லத்துக்கும் இறாலுக்கும் இடம்விடக் கூடாதா?

இடிக்கத் துணிந்த இடங்களும் உண்டு. எல்வா ஆற்றின் இரு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றினார்கள். கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-இல் முடிந்தது. சில வாரங்களுக்குள்ளேயே, நூறாண்டுக்கும் மேலாகக் கால்வைக்காத மேலாற்றுக்குச் சால்மன் ஏறிச் சென்றது. மீன் மறப்பதில்லை. மறந்தவர்கள் நாம்தான்!

ஆகவே கேட்கிறேன். பெரிய வரம் எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வோர் அணைக்கும் கதவணைக்கும் மேலும் கீழும் என்னென்ன மீன், என்னென்ன சிற்றுயிர் உண்டு என்று ஆண்டுதோறும் எண்ணுங்கள். எண்ணியதைத் தமிழில் வெளியிடுங்கள். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அச்சிடுகிறோமே, அதன் பக்கத்திலே ஆற்றின் உயிர்மட்டத்தையும் அச்சிடலாம்.

ஆற்றுக்கென்று ஒதுக்கிய நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கு முடிக்காதீர்கள். ஆடியிலே ஒரு பெருக்காக, கழிமுகத்தைத் தொடும் அழைப்போலையாக விடுங்கள். வெள்ள ஆண்டுகளில் தொடங்குங்கள். அப்போது உழவனுக்கும் குறைவில்லை. மின்சாரத்துக்காக நீரை விடும்போது, ஆற்றை ஒரே மணியில் நிரப்பி மறுமணியில் வறளவிடாமல், படிப்படியாக ஏற்றி இறக்குங்கள்.

புதிய கதவணை கட்டுமுன், மீன் போக வழி எங்கே என்று வரைபடத்திலேயே காட்டுங்கள். அந்த வழி நம் மீனுக்கு அளவெடுத்ததாக இருக்கட்டும். கீழணையின் அடியிலே குவியும் இறால்குஞ்சு ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை அமைப்பது, அந்தப் பேரணைகளைக் கட்டிய பொறியியலுக்கு எட்டாத வித்தையா?

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் அதிகாரிகள் அமர்ந்திருக்கின்றனர். அங்கே ஆற்று மீனவனுக்கும் ஓர் நாற்காலி போடுங்கள். ஆற்றைத் தினமும் தொட்டறிந்தவன் அவன். அவனிடம் பட்டம் இல்லாமலிருக்கலாம். பாக் மூன் மக்களிடமும் இருக்கவில்லை.

இவற்றைச் செய்ய மறுப்பவர்கள், "காலத்தின் கோலம், வளர்ச்சி என்றால் சிலவற்றை இழக்கத்தான் வேண்டும்" என்பார்கள். தலைவிதி என்ற பழைய கள்ளுக்குப் புதிய குடுவை! எதை இழப்பது என்று முடிவு செய்தவன் ஒருவன், இழந்தவன் வேறொருவன். மின்விளக்கின் கீழ் அமர்ந்து, "தியாகம் தேவை" என்று பேசுபவன் தன் வீட்டிலிருந்து எதையும் எடுத்து வைக்கவில்லை. பரிசலை ஓட்டியவன் தொழிலை வைத்தான். உல்லம் தன் வம்சத்தையே வைத்தது.

தோழர்களே! அடுத்த முறை கொள்ளிடத்தில் வெள்ளம் புரளும். அடுத்த முறையும் அந்தத் தலைப்பு வரும்: வீணாகக் கடலில் கலக்கிறது! அன்று நாளிதழை மடித்து வைத்துப் பெருமூச்சு விடுபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, கடலிலிருந்து எதுவும் ஆற்றுக்குத் திரும்பி வந்ததை உங்கள் பாட்டனார் சொன்னதுண்டா?"

அவர் யோசிக்கத் தொடங்குவார். யோசிக்கத் தொடங்கினால் போதும். கதவு திறக்கத் தொடங்கிவிட்டது.